எழுத்துக்கு விளம்பரம் தேடிய வீதி: 'செஸமி ஸ்ட்ரீட்' தொடரும் முன்பள்ளிச் சிறார்களும்

தொலைக்காட்சிப் பெட்டி வீட்டுக்குள் வந்த நாளிலிருந்தே, அது பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கின்றது என்ற முறைப்பாடும் கூடவே வந்துவிட்டது. இம்முறைப்பாட்டில் நியாயமில்லை என்று கூறிவிட முடியாது. ஆயினும், கெடுப்பதற்கு இத்துணை ஆற்றல் கொண்ட ஒரு சாதனத்துக்குக் கற்பிப்பதற்கும் ஆற்றல் இருக்க வேண்டுமே என்ற எதிர்க்கேள்வியை 1960களின் நடுப்பகுதியில் நியூயோர்க் நகரில் சிலர் எழுப்பினர். அக்கேள்விக்கு விடை காணும் முயற்சியாக 1969 ஆம் ஆண்டு நவம்பர் 10 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவில் ஒளிபரப்பாகத் தொடங்கியதே 'செஸமி ஸ்ட்ரீட்' என்னும் சிறுவர் கல்வித் தொடராகும். அரை நூற்றாண்டைக் கடந்து இன்றும் அது தயாரிக்கப்படுகின்றது. அதன் மஞ்சள் நிறப் பறவையையும் நீல நிறப் பிஸ்கட் பிரியரையும் பொம்மைக் கடைகளிலும் பாடசாலைப் பைகளிலும் கண்டு பழகியவர்கள் உலகெங்கும் இருக்கின்றனர். ஆனால், வறிய குடும்பத்துப் பிள்ளைகளைப் பாடசாலைக்குத் தயார்படுத்துவதற்கான ஒரு பரிசோதனையாகவே அத்தொடர் பிறந்தது என்பதை அறிந்தவர்கள் குறைவு. அப்பரிசோதனை எந்த அளவுக்கு வென்றது என்பது இன்றும் ஆராயப்படும் விடயமாகும்.

சிறுவர்க்கான கல்வி நிகழ்ச்சிகளில் இதுவே முதலாவது என்று கூறுவது பொருந்தாது. 1952 ஆம் ஆண்டிலேயே என்.பி.சி. நிறுவனம் 'டிங் டொங் ஸ்கூல்' என்ற நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. பிரான்சஸ் ஹோர்விச் என்ற கல்வியியலாளர் அதில் ஆசிரியையாகத் தோன்றினார். 1955 இல் சி.பி.எஸ். நிறுவனத்தின் 'கப்டன் கங்காரு' வந்தது. இவை நல்ல நிகழ்ச்சிகளே. எனினும், பார்த்த பிள்ளை எதைக் கற்றது என்பதை அளந்து பார்ப்பதற்கு எவரும் முற்படவில்லை. கற்பித்தவர் கற்பித்தார் என்பதே போதுமானதாகக் கருதப்பட்டது.

அன்றைய அமெரிக்கச் சூழலை இங்கு கவனிக்க வேண்டும். ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் வறுமைக்கெதிரான போரைப் பிரகடனம் செய்திருந்த காலம் அது. முதலாம் வகுப்பில் சேரும் நாளிலேயே வறிய பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் ஏனையோரை விடப் பின்தங்கிய நிலையில் இருப்பதும், அந்த இடைவெளி பின்னர் விரிந்துகொண்டே செல்வதும் கல்வியியலாளர்களால் வலியுறுத்தப்பட்டு வந்தன. வறிய குடும்பப் பிள்ளைகளுக்கான 'ஹெட் ஸ்டார்ட்' என்னும் முன்பள்ளித் திட்டம் 1965 இல் ஆரம்பிக்கப்பட்டது. ஆயினும் இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு முன்பள்ளிகளைக் கட்டுவதும் ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதும் உடனடியாக நிறைவேறக்கூடிய காரியமல்ல. மறுபுறத்தில், பத்து வீடுகளில் ஒன்பதுக்கும் அதிகமானவற்றில் தொலைக்காட்சி ஏற்கனவே இருந்தது. முன்பள்ளி செல்லாத பிள்ளையின் வீட்டிலும் அது இருந்தது.

கார்னகி மன்றத்தின் உயரதிகாரியும் உளவியலாளருமான லொயிட் மொரிசெட் 1965 டிசம்பரில் ஒரு ஞாயிறு அதிகாலையில் விழித்தபோது, அவரது மூன்று வயது மகள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, ஒளிபரப்பு ஆரம்பமாவதற்கு முன்னர் காட்டப்படும் வெறும் சோதனைச் சித்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். 1966 பெப்ரவரியில் நடைபெற்ற ஓர் இராவிருந்தில், தொலைக்காட்சித் தயாரிப்பாளரான ஜோன் கான்ஸ் கூனியிடம் அவர் இக்கேள்வியை முன்வைத்தார்: சிறு பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்குத் தொலைக்காட்சியைப் பயன்படுத்த இயலுமா? கூனி பல இடங்களுக்கும் சென்று கல்வியியலாளர்களையும் உளவியலாளர்களையும் சந்தித்து ஓர் அறிக்கை தயாரித்தார். எழுத்தறியாத பிள்ளைகள் கூட மதுபான விளம்பரங்களின் பாடல்களை ஒரு சொல் பிசகாமல் பாடுகின்றனர் என்பது அவர் கவனித்த விடயங்களில் ஒன்று. பியர் விற்பதற்கு உதவும் உத்தி எழுத்தைக் கற்பிப்பதற்கும் உதவாதா என்பதே தொடரின் கரு எனலாம்.

1968 இல் 'சிறுவர் தொலைக்காட்சிப் பட்டறை' என்ற நிறுவனம் அமைக்கப்பட்டது. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 8 மில்லியன் டொலர் திரட்டப்பட்டது. அதில் ஏறத்தாழ அரைவாசியை அமெரிக்கச் சமஷ்டி அரசாங்கமும், எஞ்சியதில் பெரும்பகுதியைக் கார்னகி, போர்ட் ஆகிய தனியார் மன்றங்களும் வழங்கின. கல்வி நிகழ்ச்சி என்றால் மிஞ்சிய பணத்தில் மிஞ்சிய நேரத்தில் செய்யப்படுவது என்ற வழக்கம் பல நாடுகளிலும் உள்ளது. அவ்வழக்கத்துக்கு மாறாக, வணிகத் தொலைக்காட்சியின் தரத்துக்குக் குறையாத ஒன்றைச் சிறுவருக்குத் தரவேண்டும் என்பதில் கூனி உறுதியாக நின்றார்.

1968 ஆம் ஆண்டுக் கோடையில் ஹார்வர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் ஜெரால்ட் லெசர் தலைமையில் தொடர் கருத்தரங்குகள் நடைபெற்றன. ஆசிரியர்களும் மருத்துவர்களும் கதாசிரியர்களும் ஓவியர்களும் விளம்பரத் துறையினரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, ஐந்து வயதுக்கு முன்னர் ஒரு பிள்ளை எதை அறிந்திருக்க வேண்டும் என்று விவாதித்தனர். எழுத்துக்களை இனங்காணல், எண்ணுதல், பொருட்களை வகைப்படுத்தல், பெரிது சிறிது, மேலே கீழே போன்ற உறவுகளை உணர்தல், பிறர் கண்ணால் ஒரு விடயத்தைப் பார்த்தல் எனக் குறிக்கோள்கள் எழுத்தில் வகுக்கப்பட்டன. பொம்மலாட்டக் கலைஞர் ஜிம் ஹென்சனும் அங்குதான் இணைந்துகொண்டார்.

தொடரின் உண்மையான புதுமை இதற்குப் பின்னரே வருகின்றது. ஆய்வுப் பிரிவின் தலைவராகிய எட்வர்ட் பால்மர் ஒரு பரிசோதனை முறையை வகுத்தார். ஒரு பிள்ளையைத் தொலைக்காட்சியின் முன் அமர்த்திவிட்டு, அதற்குச் சற்று ஒரு பக்கமாக இன்னொரு திரையை வைப்பார்கள். அத்திரையில் ஒவ்வொரு ஏழரை வினாடிக்கும் ஒரு புதிய வர்ணப் படம் மாறிக்கொண்டிருக்கும். பிள்ளையின் கண் நிகழ்ச்சியை விட்டு அப்படத்தின் பக்கம் எப்போது திரும்புகின்றது என்பதை ஒருவர் அருகிலிருந்து குறித்துக்கொள்வார். முடிவில் அந்நிகழ்ச்சிக்கு ஒரு வரைபு கிடைக்கும். எந்த வினாடியில் கவனம் உச்சத்தில் இருந்தது, எந்த வினாடியில் சரிந்தது என்பதெல்லாம் அதில் தெரியும். பெரியவர்கள் ஒருவர் மாறி ஒருவர் பேசும் காட்சிகளில் வரைபு சரிந்தது. பிள்ளைகள் தோன்றும் காட்சிகளிலும் மிருகங்கள், பொம்மைகள், துள்ளல் இசை உள்ள காட்சிகளிலும் அது உயர்ந்தது. சரிந்த பகுதிகள் வெட்டப்பட்டன, அல்லது மீண்டும் எழுதப்பட்டன. எழுதியவரின் பெயரும் புகழும் இதில் கணக்கெடுக்கப்படவில்லை. கல்விமானின் கருத்து ஒரு புறம் இருக்க, மூன்று வயதுப் பிள்ளையின் பார்வை தலையாய நீதிபதியாக்கப்பட்டது. பாடநூல் எழுதுவோரும் பாடத்திட்டம் வகுப்போரும் தமது பிரதிகளை இத்தகைய தீர்ப்புக்கு உட்படுத்தத் துணிவார்களா என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகின்றது.

இம்முறையின் வலுவை ஒரு சம்பவம் காட்டும். 1969 ஜூலையில் ஒரு மணி நேரம் கொண்ட ஐந்து மாதிரி நிகழ்ச்சிகள் பிலடெல்பியா நகரில் பிள்ளைகளுக்குக் காட்டப்பட்டன. பொம்மைகள் வரும் பகுதிகளையும் சித்திரப் பகுதிகளையும் பிள்ளைகள் விரும்பிப் பார்த்தனர். வீதியில் மனிதர்கள் உரையாடும் பகுதி வந்ததும் கவனம் கலைந்தது. வீதியோ நிகழ்ச்சியின் முதுகெலும்பு. நிஜத்தையும் கற்பனையையும் கலந்தால் பிள்ளைகள் குழம்பிவிடுவர் என்று உளவியலாளர்கள் எச்சரித்திருந்ததால், பொம்மைகள் வீதிக்குள் வராமல் விலக்கி வைக்கப்பட்டிருந்தன. பிலடெல்பியா முடிவைக் கண்ட தயாரிப்பாளர்கள் அந்த ஆலோசனையைக் கைவிட்டனர். 8 அடி 2 அங்குல உயரமான 'பிக் பேர்ட்' என்ற பறவையையும், குப்பைத் தொட்டிக்குள் குடியிருக்கும் ஒஸ்கார் என்ற சிடுமூஞ்சியையும் ஹென்சன் குழுவினர் உருவாக்கி வீதியில் நடமாட விட்டனர். பிள்ளைகள் எவரும் குழம்பவில்லை. நிபுணர்களின் ஆலோசனையையே பரிசோதனைக்கு உட்படுத்தியிராவிட்டால், உலகம் அறிந்த அந்தப் பறவை பிறந்தே இருக்காது.

விளம்பர உத்தி வெளிப்படையாகவே கையாளப்பட்டது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் சில எழுத்துக்களும் எண்களும் 'அனுசரணை' வழங்கின. முதலாவது நிகழ்ச்சியின் அனுசரணையாளர்கள் டபிள்யூ, எஸ், ஈ ஆகிய எழுத்துக்களும் 2, 3 ஆகிய எண்களும் ஆகும். ஒரு நிமிடத்துக்குள் முடியும் துணுக்குகள் ஒரே மணித்தியாலத்தில் மீண்டும் மீண்டும் காட்டப்பட்டன. பெரியவர்களுக்கு அலுப்பூட்டும் இந்தத் திரும்பத் திரும்பக் கூறல் பிள்ளைகளுக்கு அலுக்கவில்லை.

நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் ஆங்கில அரிச்சுவடியை ஆழ்ந்த குரலில் மிக மெதுவாகச் சொல்லும் துணுக்கொன்று இதற்கு நல்ல உதாரணம். அவர் ஒவ்வோர் எழுத்தையும் சொல்வதற்குச் சற்று முன்னர் அவ்வெழுத்து திரையில் தோன்றும். பின்னர் ஒரு நீண்ட மௌனம். அதன் பின்னரே குரல். முதல் தடவை பார்க்கும் பிள்ளைகள் அவர் சொன்ன பிறகு கூடவே சொன்னார்கள். சில தடவைகளின் பின்னர், எழுத்து திரையில் தோன்றியவுடனேயே அவரை முந்திக்கொண்டு சொன்னார்கள். இன்னும் சில தடவைகளின் பின்னர், எழுத்துத் தோன்றுவதற்கு முன்னரே அடுத்தது இதுதான் என்று கூவினார்கள். கற்றல் நிகழ்வதை ஆய்வாளர்கள் கண்முன்னே கண்டது அங்குதான்.

எழுத்தும் எண்ணும் மட்டுமல்ல, அந்த வீதியும் ஒரு பாடமாகும். பசுமையான புறநகரில் வெள்ளையினக் குடும்பம் வாழும் அழகிய வீடுகளே அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சியில் வழமையாகக் காணப்பட்டன. இத்தொடரின் களமோ நியூயோர்க் மாநகரின் பழைய தொடர்மாடியும் அதன் வாசற்படியும் குப்பைத் தொட்டியும் மூலைக்கடையும். அங்கு மதிப்புடன் வாழும் கோர்டன், சூசன் என்ற கறுப்பினத் தம்பதியரை மாட் ரொபின்சனும் லொரெட்டா லோங்கும் நடித்தனர். பல இனத்தவர் இயல்பாகக் கூடி வாழும் காட்சியைத் தினமும் காண்பதே ஒரு பிள்ளைக்குப் பெரிய போதனை என்று ஆலோசகர்களுள் ஒருவரான கறுப்பின உளமருத்துவர் செஸ்டர் பியர்ஸ் வலியுறுத்தி வந்தார். 1970 இல் மிசிசிப்பி மாநிலக் கல்வித் தொலைக்காட்சி ஆணைக்குழு, அம்மாநிலம் இத்தகைய கலப்பு நடிகர் குழுவுக்கு இன்னும் ஆயத்தமாகவில்லை என்ற காரணத்துக்காக 3 க்கு 2 என்ற வாக்குகளால் தொடரைத் தடை செய்தது. விடயம் பத்திரிகைகளில் வெளிவந்து கண்டனம் எழுந்ததும் சில வாரங்களிலேயே தடை விலக்கப்பட்டது. தொடர் குறைகளுக்கு அப்பாற்பட்டிருக்கவில்லை. ஸ்பானிய மொழி பேசும் சமூகத்தினர் தம்மைத் திரையில் காணவில்லை என்று முறையிட்டனர். சூசன் வெறும் இல்லத்தரசியாகவே காட்டப்படுகின்றார் என்று பெண்கள் அமைப்புகள் குறை கூறின. 1971 முதல் மரியா, லூயிஸ் என்ற பாத்திரங்கள் வந்தன. சூசனுக்குத் தாதி உத்தியோகம் கிடைத்தது.

பிள்ளைகள் உண்மையில் கற்றார்களா என்ற கேள்விக்கு வருவோம். கல்விப் பரீட்சைச் சேவை என்ற சுயாதீன நிறுவனம் முதற் பருவத்தில் ஐந்து பிரதேசங்களைச் சேர்ந்த 943 பிள்ளைகளை நிகழ்ச்சிக்கு முன்னரும் பின்னரும் பரிசோதித்தது. அதிகமாகப் பார்த்தவர்கள் அதிகமாகக் கற்றிருந்தனர். அதிகமாகப் பார்த்த மூன்று வயதுப் பிள்ளைகள் குறைவாகப் பார்த்த ஐந்து வயதுப் பிள்ளைகளை விடவும் கூடிய பெறுபேறு பெற்றனர். வெற்றி முழக்கம் ஒலித்தது. ஆனால் 1975 இல் தோமஸ் குக் என்பவரின் தலைமையில் அதே தரவுகளை மீளாய்வு செய்தவர்கள் இரண்டு விடயங்களைச் சுட்டிக்காட்டினர். ஆய்வில் பங்கேற்ற குடும்பங்கள் பலவற்றுக்கு ஆய்வாளர்கள் அடிக்கடி சென்று நிகழ்ச்சியைப் பார்க்குமாறு ஊக்குவித்திருந்தனர். ஆகவே பெறுபேற்றில் எவ்வளவு நிகழ்ச்சியால் வந்தது, எவ்வளவு ஊக்குவிப்பால் வந்தது என்று பிரித்தறிவது கடினம். இரண்டாவது விடயம் இன்னும் கசப்பானது. எல்லோர் வீட்டுக்கும் இலவசமாக வரும் ஒன்றை வசதியுள்ள, படித்த பெற்றோரின் பிள்ளைகளே கூடுதலாகப் பயன்படுத்தக் கூடும். அவ்வாறாயின் வறிய பிள்ளைக்கும் வசதியுள்ள பிள்ளைக்கும் இடையிலான இடைவெளி குறையாது; விரியவும் கூடும்.

இது வெறும் புள்ளிவிபரச் சச்சரவு அல்ல. இடைவெளியைக் குறைப்பதற்கென்றே அரசாங்கப் பணத்தில் பிறந்த தொடர் அது. கூனியும் அவரது குழுவினரும் இடைவெளியைக் குறைப்பது ஒரு நிகழ்ச்சியால் மட்டும் ஆகக்கூடியதல்ல, எல்லாப் பிள்ளைகளும் ஓர் அடிப்படை மட்டத்தை எட்டுவதே முக்கியம் என்று வாதிட்டனர். வாதம் ஏற்கத்தக்கதே. ஆனால் அது ஆரம்பத்தில் கூறப்பட்ட குறிக்கோளிலிருந்து சற்று இறங்கி வந்த நிலை என்பதையும் மறுக்க முடியாது.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் இக்கேள்வி வேறொரு வழியில் அணுகப்பட்டது. மெலிசா கெர்னி, பிலிப் லெவின் என்ற இரு பொருளியலாளர்கள் 2015 இல் வெளியிட்டு 2019 இல் ஆய்விதழில் பிரசுரித்த ஆய்வு, அன்றைய அன்டெனாக்களின் குறைபாட்டையே ஆதாரமாகக் கொண்டது. சில நகரங்களில் தொடர் வி.எச்.எப். அலைவரிசையில் தெளிவாகக் கிடைத்தது. வேறு சில நகரங்களில் அது யு.எச்.எப். அலைவரிசையில் ஒளிபரப்பானதால் பல வீடுகளுக்குச் சரியாக எட்டவில்லை. மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கே தொடர் கிடைக்கக்கூடியதாக இருந்தது. எந்தக் குடும்பமும் வேண்டுமென்று தெரிவு செய்யாத இந்த வேறுபாடு ஓர் இயற்கையான பரிசோதனையாக அமைந்தது. தெளிவாகக் கிடைத்த இடங்களில் வளர்ந்த பிள்ளைகள், வயதுக்குரிய வகுப்பில் பின்தங்காமல் படிக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. ஆண் பிள்ளைகளிடமும் கறுப்பினப் பிள்ளைகளிடமும் பொருளாதாரத்தில் பின்தங்கிய பிரதேசங்களிலும் இவ்விளைவு கூடுதலாகக் காணப்பட்டது. குக் அஞ்சியதற்கு மாறான முடிவு இது. ஆயினும் அப்பிள்ளைகள் வளர்ந்தபின் பெற்ற பட்டத்திலோ சம்பளத்திலோ தெளிவான வேறுபாடு தென்படவில்லை. செலவோ, ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு இன்றைய பெறுமதியில் சுமார் 5 டொலர் மட்டுமே என ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். முன்பள்ளியின் இடத்தைத் தொலைக்காட்சி பிடித்துவிடும் என்று அவர்கள் கூறவில்லை; ஐந்து டொலருக்கு இது பெரும் விளைவு என்றே கூறினர்.

தொடரின் புகழ் பரவியதும் பிற நாடுகள் அதைக் கேட்டன. எல்லோரும் விரும்பினர் என்றில்லை. பிரித்தானியாவின் பி.பி.சி. நிறுவனம் 1971 இல் அதை நிராகரித்தது. பிள்ளைகளைச் 'சரியான விடை' கூறப் பழக்கும் அதிகாரத் தொனி அதில் உள்ளது என்பது அதன் சிறுவர் நிகழ்ச்சித் தலைவி மொனிக்கா சிம்ஸின் கருத்து. பிரேசிலும் மெக்சிக்கோவும் ஜேர்மனியும் தத்தம் மொழிகளில் தமது தயாரிப்புகளைத் தொடங்கின. இவற்றுள் மொழிப் பிரச்சினையை நேருக்கு நேர் எதிர்கொண்டது அரபுத் தயாரிப்பேயாகும்.

'செஸமி' என்ற பெயரே அரபுலகக் கதை மரபிலிருந்து வந்தது. அலிபாபா கதையில் குகையைத் திறக்கும் மந்திரத்தில் வரும் எள்தான் அது. 'திறந்திடு சீசேம்' என்று திரைப்படம் வழியாகத் தமிழரும் அறிந்த அதே சொல். அலெப்போ நகரைச் சேர்ந்த ஹன்னா தியாப் பாரிஸில் சொன்ன கதையைப் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்துவான் கலான் பிரெஞ்சு மொழியில் எழுதி, அது ஆங்கிலத்துக்குச் சென்று, நியூயோர்க்கில் ஒரு வீதியின் பெயராகி, 1979 இல் 'இப்தஹ் யா சிம்சிம்' என்ற தலைப்பில் குவைத்துக்கு வந்து சேர்ந்தது. வளைகுடா நாடுகளின் கூட்டுத் தயாரிப்பு நிறுவனம் அதைத் தயாரித்தது. பிக் பேர்டின் இடத்தில் ஒட்டகத்தை நினைவூட்டும் நுஃமான் என்ற பாத்திரம் வந்தது.

எந்த அரபியில் பேசுவது? எகிப்தியர் பேசும் அரபு வேறு, ஈராக்கியர் பேசுவது வேறு, மொரோக்கோவினர் பேசுவது வேறு. ஒன்றைத் தெரிந்தால் ஏனையோர் அந்நியராவர். எல்லோருக்கும் பொதுவான புஸ்ஹா என்னும் இலக்கிய அரபு பாடசாலைக்கும் பள்ளிவாசலுக்கும் செய்தி அறிக்கைக்கும் உரியது. வீட்டில் எந்தப் பிள்ளையும் அதைப் பேசுவதில்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு அது விளங்காது, வரட்சியாக இருக்கும் என்று பலர் அஞ்சினர். தயாரிப்பாளர்கள் இலகுபடுத்தப்பட்ட புஸ்ஹாவையே தெரிவு செய்தனர். இலக்கணம் பிழைக்காமல், ஆனால் சிறு வாக்கியங்களாக, பல நாட்டவருக்கும் பழக்கமான சொற்களாகத் தேர்ந்து எழுதினர். பிள்ளைகள் விளங்கிக்கொண்டார்கள். நிகழ்ச்சி பல அரபு நாடுகளில் ஒரு தலைமுறையின் நினைவாகியது. 1990 ஆகஸ்டில் குவைத் மீது ஈராக் படையெடுத்த பின்னர் தயாரிப்பு தொடரவில்லை. 2015 இல் அபுதாபியிலிருந்து புதுப்பிக்கப்பட்டது. இதற்கிடையில் 2000 இல் எகிப்தில் தொடங்கிய 'ஆலம் சிம்சிம்' எகிப்தியப் பேச்சு வழக்கைக் கைக்கொண்டது. இரண்டில் எது சரி என்ற விவாதம் அரபு நாடுகளில் ஓயவில்லை.

எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இடையே வாழும் எமக்கு இவ்விவாதம் புதியதல்ல. யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் காத்தான்குடிப் பிள்ளையும் மலையகத்துப் பிள்ளையும் வீட்டில் கேட்கும் தமிழ் ஒன்றல்ல. அவர்கள் மூவரும் விளையாட்டில் ஒன்றுபோலப் பேசும் தமிழோ, தென்னிந்தியாவில் குரல் மாற்றம் செய்யப்பட்ட கார்ட்டூன்களின் தமிழ். குவைத்தில் ஒரு குழு அமர்ந்து ஆண்டுக்கணக்காக யோசித்து எடுத்த தீர்மானத்தை எமக்காகச் சந்தை எடுத்துவிட்டது.

கொசோவோவில் பிரச்சினை இன்னும் கூர்மையாக இருந்தது. போர் முடிந்து சில ஆண்டுகளின் பின்னர், 2004 இல் அல்பேனிய மொழியிலும் சேர்பிய மொழியிலும் தொடர் தயாரிக்கப்பட்டபோது, மறு சமூகத்தின் எழுத்துருவைத் தமது பிள்ளைகளின் திரையில் காண இரு தரப்பினரும் விரும்பவில்லை. எழுத்தைக் கற்பிப்பதற்கென்றே பிறந்த தொடரில் எழுத்தே காட்டப்படவில்லை. பதிலாக, பிள்ளைகள் தோன்றி ஒரு பொருளின் பெயரைத் தத்தம் மொழிகளில் சொல்லும் காட்சிகள் வைக்கப்பட்டன.

பங்களாதேஷில் 2005 இல் ஆரம்பமான 'சிசிம்பூர்' வேறொரு தடையைச் சந்தித்தது. கிராமத்துப் பிள்ளைகள் பலரது வீட்டில் தொலைக்காட்சியே இல்லை. ஆகவே தொலைக்காட்சியும் மின்பிறப்பாக்கியும் ஏற்றிய ரிக்‌ஷா வண்டிகள் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டன. ஹாலும் என்ற புலி அவ்வாறே குடிசைகளின் முற்றத்துக்குச் சென்றது. 2020 இல் கொக்ஸ் பசார் முகாம்களில் வாழும் ரோஹிங்யாப் பிள்ளைகளுக்காக நூர், அஸீஸ் என்ற இரட்டையர் பாத்திரங்கள் அறிமுகப்படுத்தப்பட்டன.

இவ்வாறு உலகெங்கும் பரந்த தொடர், பிறந்த நாட்டிலேயே யாரைச் சென்றடைகின்றது என்ற கேள்வி கடந்த பத்தாண்டில் மீண்டும் எழுந்தது. பொம்மை, ஒளித்தட்டு விற்பனை வருமானம் வீழ்ச்சியடைந்ததால், 2016 முதல் புதிய நிகழ்ச்சிகள் எச்.பி.ஓ. என்ற கட்டணச் சேவைக்கு முதலில் வழங்கப்பட்டன. இலவசப் பொதுத் தொலைக்காட்சியில் அவை ஒன்பது மாதங்கள் கழித்தே வந்தன. வறிய பிள்ளைக்காகப் பிறந்த நிகழ்ச்சியை வறிய பிள்ளை கடைசியாகப் பார்க்க வேண்டியதாயிற்று. அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தபின், 2025 மே மாதத்தில் நெட்பிளிக்ஸ் நிறுவனத்துடன் அறிவிக்கப்பட்ட புதிய உடன்படிக்கையின்படி, பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ். அலைவரிசையிலும் புதிய நிகழ்ச்சிகளை அதே நாளில் ஒளிபரப்ப இணங்கப்பட்டது. ஆனால் அதே ஆண்டு ஜூலையில், பொது ஒளிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்த சுமார் 1.1 பில்லியன் டொலரை அமெரிக்கக் காங்கிரஸ் மீளப்பெற்றது. அப்பணத்தில் அதிகம் தங்கியிருந்தவை பெருநகர நிலையங்களல்ல, கிராமப்புறங்களுக்கு ஒளிபரப்பும் சிறிய நிலையங்களாகும்.